கதவு எங்கே என்று கேட்பவர்

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியைப் பார்த்துப் பயந்த ஒரே மனுஷியை எனக்குத் தெரியும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் இல்லை. எலும்பு தொண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். பெருநாள் முடிந்து அவர் வீட்டிலிருந்தே டப்பா நிறையப் பிரியாணி வரும். எங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போடுவார். தனக்கு மட்டும் கறியை ஒதுக்கி, சோற்றை விரலால் துழாவி, தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை மூடியைத் திரும்பப் போடமாட்டார்.

பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் பயப்படுவார். நாங்கள் ஆபா என்று கூப்பிடுவோம். உருது பேசுகிற வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஸ்டிச்சிங்கில், ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைனில் இருந்தேன். அவர் கிரெச்சில், அதாவது எங்களைப் போன்ற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அறையில் இருந்தார்.

பல்லிக்குப் பயம். பின்னால் வரும் லாரிக்குப் பயம். சாப்பாட்டுச் சங்கு ஊதினால், தினமும் ஊதுகிற சங்குதான், நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். எங்கள் ஸ்டிச்சிங் ஹாலுக்குள் அவர் வந்ததே கிடையாது. முந்தானை மெஷினில் மாட்டிக்கொள்ளுமாம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலில் நின்று கையை ஆட்டுவார். இப்படிப்பட்ட ஆளை நம்பிப் பிள்ளைகளை விட்டிருக்கிறார்களே என்று முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளைக்குத் தைரியம் வரவேண்டிய வயதில் இவரைப் பார்த்து இன்னும் ஒடுங்கிப்போனால்?

என் மகள் தர்ஷினி ஏற்கெனவே ஒடுங்கித்தான் இருந்தாள். நாலரை வயது. பேசமாட்டாள். அம்மா என்பாள், வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்றார். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, இருட்டின பிறகு எங்கள் ஊர் மாதனூருக்குத் திரும்புகிறவள் எந்த நேரத்தில் பேச்சுக் கொடுப்பது என்று அவரிடம் கேட்கவில்லை.

அன்றைக்கே வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் நின்றோம். சில்லறை வாங்குகிற நேரத்தில் கை விட்டுப்போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. ஸ்கூட்டர்கள், தள்ளுவண்டிகள், மூட்டை தூக்குகிறவர்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பூண்டு வண்டிக்குப் பின்னால், என்னிடமிருந்து நாலு எட்டு தூரத்தில்தான் நின்றிருந்தாள். என் குரல் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். இவள் எங்காவது தொலைந்துபோனால் யாரிடம் என்ன சொல்வாள்? நான் தேடிப்போய்க் கூப்பிட்டால்கூட, இங்கே இருக்கிறேன் என்று சொல்லமாட்டாளே. தையல் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த நினைப்பு வந்தால் கை நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து திட்டுவார்.

கிரெச்சில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் நல்ல விலையுள்ள பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றோடு ஒன்று பொருத்திக் கட்டுகிறவை, டப்பா டப்பாவாக இருந்தன. அலமாரிக்குப் பூட்டு. சாவி ஆபீசில். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு, கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படுவதற்காக வாங்கியது. மற்ற நாளில் திறக்கமாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் இதற்குச் சண்டை போட்டிருப்பார்கள். ஆபாவுக்கு நிம்மதி.

"பூட்டியே இருக்கட்டும்மா. தம்மாத்தூண்டு கட்டை. வாயில போட்டுக்கிச்சுன்னா?" என்பார்.

பிள்ளையின் மூடிய கையைவிடச் சின்னதாக இருக்கிற எதையும் அவர் அறைக்குள் விடமாட்டார். அதனால் பேக்கிங்கில் கழித்துப்போட்ட ஷூ டப்பாக்களைக் கேட்டு வாங்கினார். ஷூவுக்கு உருவம் கொடுக்கிற பழைய கால் அச்சுகளை வாங்கினார். பிளாஸ்டிக்கில் பாதம் மாதிரியே இருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, முனைகளைத் தேய்த்து, வெயிலில் காயவைத்துத்தான் கொடுத்தார். பிள்ளைகள் அதற்குக் கால் என்று பேர் வைத்தார்கள். டப்பாவும் காலும் வைத்து வீடு கட்டுவார்கள், பாலம் கட்டுவார்கள், பாலாற்றுக்கு அணையும் கட்டுவார்கள்.

ஆபா எதையும் கட்டிக் காட்டமாட்டார். இது என்ன நிறம், இது எத்தனை என்றும் கேட்கமாட்டார். சுவரோரமாக உட்கார்ந்து பயப்படுவார். அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

"தோ பாரு, ஒசரமா போவுது. விழுந்துடுமா?"

"விழாது ஆபா, கீழ பெரிய டப்பா வெச்சிருக்கேன்" என்பான் ஒருவன்.

"பெருசு வெச்சா விழாதா?"

"விழாது. சின்னது கீழ வெச்சாதான் விழும்."

"உள்ள நான் போனா எப்படி வெளிய வர்றது? கதவு எங்க?"

"இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? எனக்குத் தெரியலையே. யா அல்லா, இருட்டா இருந்தா நான் கதவ எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

உடனே நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து அவரைச் சமாதானம் செய்வார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில், காலுக்குப் பின்னால், படிக்கு மேல், சிவப்பு டப்பாவுக்கும் கறுப்பு டப்பாவுக்கும் நடுவில் என்று விலாவாரியாகச் சொல்லுவார்கள். பெரிய மனுஷி ஒருத்தி தங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் சொல்லாமல் எப்படி? கிரெச் கதவுக்கு மேலே பச்சைப் பலகையில் அவசர வழி என்று எழுதியிருக்கும். ஆபா அதைக் காட்டி, "அந்த மாதிரி எழுதி ஒட்டிட்டா எனக்குப் பயம் கம்மியா இருக்கும்" என்றார். ஒரு பெண் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். துண்டுக் காகிதத்தில் இரண்டு சொல்லுக்கு இடம் போதவில்லை. வழி என்று மட்டும் வந்தது. பிறகு வழி ஒட்டாத வீடே அந்த அறையில் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தால் டப்பாவுக்கு டப்பா கோணல்மாணலாக வழி, வழி, வழி.

தர்ஷினி ஒரு மூலையில் தனியாகக் கட்டுவாள். ஷூ டப்பாக்களை மொத்தமாகப் போடும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அதைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கிழித்து வாசல் வைத்து, உள்ளே நாலு மூலையிலும் டப்பா அடுக்கி அதன்மேல் கால்களை நிறுத்தித் தூண் கொடுத்திருந்தாள். ஆபா ஒருநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உன் பொண்ணு இன்னிக்கு எனக்கு பதில் சொல்லிச்சும்மா. விழுந்துடுமான்னு கேட்டேன். விழாதுன்னுச்சு."

நான் நம்பவில்லை. மனசு ஆறுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவர் சொல்வது கூடிக்கொண்டே போனது. மேல வைக்காத என்றாளாம். கால் ஆடுது என்றாளாம். தானாகவே வழி எழுதினாளாம், ழ-வுக்கு ஒரு சுழி ஜாஸ்தியாகப் போட்டு. வீட்டிலோ ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் நானே டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணை உருட்டி, "அய்யய்யோ, விழுந்துடுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். தர்ஷினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. என்னிடம் சொல்லாததை ஊரான் வீட்டு அம்மாவிடம் சொல்கிறாள் என்றால் பொறாமையாக இருக்காதா? அதைவிட, ஆபா சொல்வதே பொய்யாக இருந்தால் என்ற பயம்தான் பெரிசு.

ஆபாவுக்கு ஏன் இத்தனை பயம் என்று நான் கேட்டதில்லை. எங்கள் லைனில் ஒருத்தி சொன்னாள், அவருடைய தம்பி ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண உள்ளே இறங்கினவர் மேலே வரவில்லை என்று. எந்தத் தோல் ஷாப், எந்த வருஷம், எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளிடம் கதவு எங்கே என்று கேட்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடிட் வந்தது. கம்பெனியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எங்களுக்குப் புது ஏப்ரன், தலைக்குத் தொப்பி, குடிதண்ணீர்ப் பக்கம் புது டம்ளர். கிரெச்சில் அலமாரி திறக்கப்பட்டது. பிளாஸ்டிக் கட்டைகள் பாயில் கொட்டப்பட்டன. ஹெச்.ஆர். சார் வந்து டப்பாக்களையும் கால்களையும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, குப்பை மாதிரி? எல்லாத்தையும் எடுத்து பேக்கிங்ல ஓரமா போடச் சொல்லு. அவங்க போனப்புறம் எடுத்துக்கோ."

"புள்ளைங்க தேடும் சார்" என்றாராம் ஆபா.

"ஒரு நாள்தானம்மா. புது பொம்மை இருக்குல்ல."

தர்ஷினியின் வீட்டைத் தூண் கலையாமல் ஒரு பலகையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்திரமாகத்தான் கொண்டுபோனார்கள், அதைக் குறை சொல்லக்கூடாது. பேக்கிங் ஹாலில் சுவரோரமாக இறக்கிவைத்தார்கள். அன்றைக்குத்தான் கப்பலுக்குப் போகிற சரக்கையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கன்டெய்னர் லாரி நின்றது.

நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பார்ட்டி எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி நின்றிருந்தார்கள். அப்போது ஹாலுக்குள் ஒரு அலறல். நிமிர்ந்தால் ஆபா. முந்தானையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில், குறுகலான வழியில், நேரே என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"பொண்ணக் காணோம்மா. இப்பதான், இப்பதான் இருந்தா. தலைய எண்ணும்போது இல்ல."

அவர் ஹாலுக்குள் வந்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கையில் இருந்த தோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் யாரோ, "ஆடிட் நேரத்துல இன்னாம்மா கூச்சல்" என்றார்கள். கழிப்பறை, கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட், எங்கும் இல்லை. ஆபாதான் சட்டென்று நின்றார்.

"வீடு. அவ வீட்டத் தேடிப் போயிருப்பா."

பேக்கிங் ஹாலில் நுழைந்தோம். சுவரோரம் வீடு இருந்த இடத்தில் வீடு தெரியவில்லை. சரக்கு அட்டைப்பெட்டிகள், ஷூ நிறைந்த கனமான பெட்டிகள், கூரைக்குப் பாதி உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஓரமாகக் கிடந்த அவள் வீட்டையும் காலிப்பெட்டி என்று தெரியாமல் அதன்மேலும் முன்னாலும் சேர்த்து அடுக்கிவிட்டார்கள். அவர்களுக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதானே. அந்தப் பக்கம் கன்டெய்னரில் பாதிச் சரக்கு ஏறியிருந்தது. என் பிள்ளை உள்ளே படுத்துத் தூங்கியிருந்தால், பெட்டியோடு பெட்டியாக லாரியில் ஏறியிருந்தால்? "வண்டிய எடுக்காதீங்க" என்று கத்தினேன். தர்ஷினி, தர்ஷினி என்று கூப்பிட்டேன். ஹெச்.ஆர். சாரும் ஓடிவந்து கூப்பிட்டார். சாக்லேட் தருகிறேன் என்றார். லாங் பஜாரில் பூண்டு வண்டிக்குப் பின்னால் நின்ற மாதிரி, கேட்டுக்கொண்டு எங்கோ நிற்கிறாள், அல்லது கேட்கவே முடியாமல் எங்கோ கிடக்கிறாள். இரண்டில் எது என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆபா அடுக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மேல் பெட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் அண்ணாந்து அதையே பார்த்தார்.

"ரொம்ப ஒசரமா இருக்கே," என்றார். "இது விழுந்துடுமா?"

அதே குரல். தினமும் சுவரோரம் உட்கார்ந்து பிள்ளைகளிடம் கேட்பாரே, அதே நடுக்கம், அதே இழுப்பு. துளி வித்தியாசமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு நாளும் நடிக்கவில்லை. அத்தனை நாளும் அந்த டப்பா வீடுகளைப் பார்த்து நிஜமாகவே பயந்திருக்கிறார்.

அட்டைக்குள்ளிருந்து, அடித்தொண்டையில், ஒரு சின்னக் குரல் வந்தது.

"விழாது ஆபா. உள்ள கால் வெச்சிருக்கேன்."

ஆபா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் முன்வரிசைப் பெட்டியை இழுக்கக் கை வைத்தார்கள். சாய்ந்திருந்த அடுக்கு ஆடியது. எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் எடுப்பது? எதை உருவினால் எது அவள்மேல் விழும்? யாருக்கும் தெரியவில்லை. நான் ஆபாவுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டேன். டம்ளர் அடுக்கிய அன்று வராத குரல் எனக்கு அப்போது வந்தது.

"தர்ஷி, அம்மாக்கு பயமா இருக்குடி. கதவு எங்க?"

அட்டைப் பக்கம் காதைக் கொண்டுபோனேன்.

"செவுத்துப் பக்கம்மா," என்றாள். "ஜன்னலுக்குக் கீழ. மேல இருக்கறத எடுக்காத. ஆடுது. அந்தப் பக்கமா வா. நான் வழி போட்டிருக்கேன்."

என் மகள் என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு அதுதான். ஜன்னலுக்குக் கீழே சுவரோரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாலு பேர் மேலடுக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். கிழித்த வாசல் தெரிந்ததும் கையை உள்ளே விட்டு அவளை வெளியே இழுத்தேன். உடம்பெல்லாம் வேர்வை, தலைமுடி ஒட்டிக்கிடந்தது, ஒரு கீறல் இல்லை. அந்தக் கால்கள்தான் அத்தனை கனத்தையும் தாங்கினவா, அட்டையே தாங்கியதா, நான் ஆராயவில்லை. ஆனால் குனிந்து உள்ளே பார்த்தேன். வெளிப்பக்கம் எந்தக் காகிதமும் இல்லை. உள்பக்கம், வாசலுக்கு மேலே, நீலக் கிரேயானில், ஒரு சுழி கூடுதலாகப் போட்டு வழி என்று எழுதியிருந்தாள். உள்ளே இருக்கிறவருக்குத்தானே வழி வேண்டும்.

அடுத்த வாரம் ஆபா வேலைக்கு வரவில்லை. ஆடிட்டில் கத்தினதற்காக நிறுத்திவிட்டார்கள் என்றார்கள் சிலர். இல்லை, அவரே வேண்டாம் என்று போய்விட்டாராம் என்றார்கள் சிலர். அலமாரியைப் பூட்டிவிட்டார்கள். டப்பாக்கள் திரும்பி வரவில்லை. நான் அந்தக் கம்பெனியை விட்டு வேறொன்றில் சேர்ந்துவிட்டேன்.

தர்ஷினி இப்போது இரண்டாம் வகுப்பு. பேசுகிறாள். சில நேரம் தலைவலிக்கிற அளவுக்குப் பேசுகிறாள். கடைப் பலகை, பஸ் பலகை ஒன்றையும் விடாமல் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எனக்கு மட்டும் அந்தப் பயம் போகவில்லை. கூட்டத்தில் அவள் கையை நான் பிடிக்கிற பிடியில் விரல் சிவந்துவிடும்.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஆபாவைப் பார்த்தேன். வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். நல்ல கூட்டம். படியைத் தாண்டி உள்ளே தள்ளப்பட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் பார்ப்பதும் பின்பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தர்ஷினி என் கையை உதறிக்கொண்டு பஸ்ஸோடு ஓடினாள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"ஆபா!" என்று அத்தனை இரைச்சலிலும் கத்தினாள். "பின்னால பாருங்க, கடைசி ஜன்னல்ல எழுதியிருக்கு! அவசர வழி! அங்க இருக்கு ஆபா, பயப்படாதீங்க!"

ஆபா திரும்பினார். எங்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கடைசி ஜன்னலைப் பார்த்தார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து எங்களை நோக்கி ஆட்டினார்.